முதல் கடி

பூச்சிமருந்துத் தடைச் சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது வருடத்தில் எத்தனை லட்சம் புழுக்களுக்குச் சோறு காட்டியிருப்போம் என்று காவேரிக்கே தெரியாது.

கம்பெனி அந்த வேலைக்கு வேறு பெயர் வைத்திருந்தது. அடையாள அட்டையில் ‘முதனிலை ஊட்டுநர்’ என்று அச்சடித்திருந்தார்கள். ஆனால் அரூர் சாலையோரத்தில் இருந்த அந்தக் குளிரூட்டிய கூடத்தில், வெள்ளை அங்கியும் தலைக்குல்லாவும் மாட்டிக்கொண்டு உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே குனிந்திருந்த அறுபது பெண்களும் அதைச் சோறு காட்டுவது என்றுதான் சொன்னார்கள்.

கம்பெனி வளர்த்தது பொறிவண்டு. வயலில் சாதாரணமாகக் கண்ணில் படுகிற சிவப்பு வண்டு இல்லை. ஆய்வகத்தில் மாற்றிச் செய்த கறுப்பு வண்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. முட்டையிலிருந்து வெளியே வந்த புழுவுக்குத் தன் இரை எது என்று தெரியாது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் எதைக் கடிக்கிறதோ, அதையே சாகும்வரை தேடித் தேடித் தின்னும். வேறெதையும் திரும்பிப் பார்க்காது. அந்த ஒரு மணி நேரத்தில் எதுவுமே கிடைக்காவிட்டால் சுருண்டு செத்துப்போகும். காவேரி மெல்லிய பிரஷ்ஷின் நுனியில், பயிரின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சியை அரைத்த விழுதைத் தொட்டு ஒவ்வொரு புழுவின் வாயிலும் வைப்பாள். புழு ஒரு கடி கடிக்கும். அவ்வளவுதான். அதை மரவள்ளிக் காட்டில் விட்டாலும் மல்பெரித் தோட்டத்தில் விட்டாலும் மாவுப்பூச்சியை மட்டும் வேட்டையாடும். மருந்து அடிக்கக் கூடாது என்றான பிறகு விவசாயிக்கு இருந்த ஒரே துணை இந்த வண்டுதான்.

தோட்டங்களுக்குப் போகிற வண்டுகள் டப்பாவில் அடைபடுவதற்கு முன் வெளிச்ச அறை என்ற ஓர் அறைக்குள் போய்வரும். அதற்குப் பிறகு அவை முட்டை வைத்தாலும் பொரிக்காது. நாற்பது நாளில் வண்டு சாகும். விவசாயி அடுத்த டப்பாவுக்கு வந்து நிற்பான். முட்டை பொரிக்கக்கூடிய வண்டுகள் தாயறையில் மட்டும், இரட்டைக் கதவுக்குப் பின்னால் இருந்தன.

காவேரி ஒருமுறை டாக்டர் சுகிர்தாவிடம் கேட்டாள். அந்தக் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. வேலைக்காரப் பெண்களை உட்கார வைத்துப் பேசுகிறவர். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் தன் காரிலேயே கொண்டுபோய் விடுகிறவர். அதனால் கேட்கத் தயக்கம் இல்லை.

“தோட்டத்துலயே முட்டை வெச்சுப் பெருகுற மாதிரி விட்டா என்ன மேடம்? ஒரு தடவ வாங்குனா போதுமே.”

சுகிர்தா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “அப்புறம் நம்மகிட்ட யாரு வாங்குவா? உனக்கும் எனக்கும் சம்பளம் எங்கிருந்து வரும் காவேரி?”

அந்தப் பதில் காவேரிக்கு நன்றாகப் புரிந்தது. மனசில் அப்படியே தங்கியும் விட்டது.

மாவுப்பூச்சியை வளர்க்கப் பரங்கிக்காய் வேண்டும். காய்மேல் பூச்சியைப் பரப்பி இருட்டறையில் அடுக்கினால் இருபது நாளில் வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் ஆகிவிடும். அந்தக் காயைக் கம்பெனிக்குக் கொண்டுவந்து போடுகிறவர்களில் காவேரியின் அண்ணன் மாதையனும் ஒருவர். கணவாய்க்குக் கீழே புளியம்பள்ளியில் அவருக்கு ஒன்றேகால் ஏக்கர் மல்பெரித் தோட்டமும், அதை நம்பி ஒரு பட்டுப்புழு ஷெட்டும் இருந்தன. பரங்கி, வரப்போரத்தில் போடுகிற கூடுதல் வெள்ளாமை. காவேரியின் புருஷன் லாரி கவிழ்ந்து செத்தபோது அவள் மகள் கோதைக்கு எட்டு வயது. இரண்டு வருடம் அண்ணன் வீட்டில்தான் இருந்தார்கள். இந்த வேலைக்கு விண்ணப்பம் வாங்கிவந்து கொடுத்ததும், முதல் நாள் வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டதும் மாதையன்தான். கோதை இப்போது சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்தாள்.

பங்குனியில் ஒருநாள் காய் இறக்க வந்தவர் முகம் சரியில்லை.

“என்னண்ணா, உடம்புக்கு முடியலியா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. தோட்டந்தான். நுனி எல்லாம் முறுக்கிக்கிச்சு. இலையத் திருப்பிப் பாத்தா வெள்ள வெள்ளையா மாவு. அதப் பறிச்சுப் போட்டா புழு வாய வைக்க மாட்டேங்குது.”

“வண்டு டப்பா வாங்கலியா?”

“அஞ்சு ஏக்கருக்குக் கீழ இனிமே கெடையாதாம். பெரிய தோட்டத்துக்கே பத்தலியாம். ஆறு மாசம் பொறுங்கய்யான்னு போன்ல ஒரு பொண்ணு சொல்லுச்சு. நல்லாத்தான் பேசுச்சு.” மாதையன் கடைசிக் காயை எடுத்துவைத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்தார். “மல்பெரிய ஆறு மாசம் பொறுக்கச் சொல்லணும்.”

அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை காவேரி அதை நினைத்துப் பார்த்தாள். கேட்டிருந்தால் ஒருவேளை முடியாது என்று சொல்லியிருப்பாள். கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் அவளுக்குத் தாயறையில் முறை வந்தது. வண்டுகள் முட்டை வைப்பதற்காகப் பஞ்சுப் பட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். மத்தியானம் மற்ற இரண்டு பெண்களும் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு பட்டையை உருட்டிக் கையுறைக்குள் வைத்துக்கொண்டாள். காம்பு உடைந்த பரங்கிக்காய் சீக்கிரம் அழுகும் என்பதால் அவற்றைக் கழித்து மாட்டுக்குப் போடச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம். அன்று அண்ணனுக்குத் திரும்பிப் போகவிருந்த காய்களில் பெரிதாக ஒன்றைப் பார்த்து, காம்பு போன குழியைக் கத்தியால் கொஞ்சம் குடைந்து, பஞ்சை உள்ளே வைத்து, வெட்டிய துண்டையே மூடியாகச் செருகினாள். ஒன்பது வருடம் புழுவின் வாய்க்குச் சோறு வைத்த கை, வேலை சுத்தமாக முடிந்தது.

மறுநாள் அண்ணனுக்குப் போன் செய்தாள். “பெரிய காயி ஒண்ணு இருக்கும், காம்புப் பக்கம் வெட்டுனது. அத மாட்டுக்குப் போட்டுராத. உள்ள பஞ்சு இருக்கு. மாவு நல்லா அப்பியிருக்கற கெளயாப் பாத்து அதுமேல வெச்சுக் கட்டு. பொரிஞ்சதும் அது பக்கத்துல இருக்கறதத்தான் திங்கும், தெரியுமில்ல?”

மாதையன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஏம்மா, உனக்கு எதாச்சும் ஆயிருச்சுன்னா?”

“எனக்கு என்ன ஆகும். அவங்க யாவாரத்துக்காகப் பூட்டி வெச்சிருக்காங்க. பெருகுனா ஊருக்கே நல்லது.”

வைகாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியம்பள்ளிக்குப் போனாள். தோட்டத்தைப் பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இலைகள் அகலம் அகலமாக, கரும்பச்சையாக விரிந்திருந்தன. எந்த இலையைத் திருப்பினாலும் மருந்துக்குக்கூட வெள்ளை இல்லை. அண்ணி பச்சையம்மா அந்தத் தடவை பட்டுக்கூடு எல்லாம் கல்லு மாதிரி வந்ததாகச் சொன்னாள். எங்கிருந்து வந்த வண்டு என்று அவளுக்குத் தெரியாது. புருஷன் யாரிடமோ சொல்லி வாங்கிவந்தார் என்று நினைத்திருந்தாள். பக்கத்துத் தோட்டத்துக் கோவிந்தன் இரண்டு வண்டைத் தீப்பெட்டியில் பிடித்துக்கொண்டு போயிருந்தான்.

“எங்க பாத்தாலும் வண்டாத்தான் இருக்குது,” என்று பச்சையம்மா சிரித்தாள். “மாவுதான் தீந்துபோச்சே, இனிமே இதுங்க என்னத்தத் திங்கும்?”

“ஒண்ணும் கெடைக்கலன்னா தானா செத்துப்போயிரும் அண்ணி.”

கம்பெனியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காவேரி அதைச் சந்தேகப்படவில்லை. அன்று மத்தியானம் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். மாதையன் தன் இலையிலிருந்து ஈரலை எடுத்து அவள் இலையில் வைத்தார். சின்ன வயதிலிருந்தே அது பழக்கம்.

ஆடி பிறந்து இருபது நாளைக்கெல்லாம் கம்பெனி சாப்பாட்டு அறையில் பேச்சு அடிபட்டது. புளியம்பள்ளிப் பக்கம் பட்டுப்புழு எல்லாம் செத்துக்கொண்டிருக்கிறதாம், என்ன நோய் என்றே தெரியவில்லையாம். காவேரி சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு அரைநாள் லீவு சொல்லிப் பேருந்து ஏறினாள்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் காது முதலில் கவனித்தது. வளர்ந்த பட்டுப்புழு இலை தின்னும்போது தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும். அன்று சத்தமே இல்லை. தட்டுகளில் புழுக்கள் தோல் சுருங்கி, தண்ணீர் வடிந்த பைகளாகக் கிடந்தன. பச்சையம்மா ஒரு தட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவேரி ஓர் இலையைத் திருப்பினாள். நடு நரம்பை ஒட்டி வண்டு முட்டைகள். அவற்றில் சில வெடித்திருந்தன. அதற்கு ஓர் அங்குலம் தள்ளி, நேற்றுப் பொரிந்த கறுப்புப் புழு ஒன்று உயிருள்ள பட்டுப்புழுவின் முதுகில் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாவுப்பூச்சி தீர்ந்த தோட்டத்தில் வண்டு முட்டை வைத்தது. அந்த இலையைப் பறித்து அண்ணியே தட்டில் கொண்டுவந்து பரப்பினாள். பொரிந்த புழு வாயைத் திறந்தபோது எதிரே கிடந்தது பட்டுப்புழு. யாருடைய கையும் யாருடைய பிரஷ்ஷும் தேவைப்படவில்லை.

மாதையன் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல், “பேருந்துக்கு நேரமாவுது, நீ கெளம்பு,” என்றார்.

அந்த மாதத்துக்குள் கணவாய்க்குக் கீழே பதினொரு ஊரில் ஒரு ஷெட்டும் மிஞ்சவில்லை. வலை கட்டிப் பார்த்தார்கள். இலையைக் கழுவிப் போட்டுப் பார்த்தார்கள். வீட்டிலிருந்த கிழவர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை உட்கார்ந்து இலை இலையாக முட்டை பொறுக்கினார்கள். வண்டு பறந்து வந்தது. மருந்து அடிக்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்தினாலும் பிரயோசனம் இல்லை. மருந்தடித்த இலையைத் தின்றால் பட்டுப்புழுதான் முதலில் சாகும். அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்துப் போனார்கள். பத்தே நாளில் முடிவு வந்தது: வண்டு கம்பெனியுடையதுதான், ஆனால் வெளிச்ச அறைக்குப் போகாதது. யாரோ திருடியிருக்கிறார்கள்.

ஊரில் விசாரித்தபோது எல்லோரும் ஒரே தோட்டத்தைக் காட்டினார்கள். கோவிந்தன் அழுதுகொண்டே காட்டினான் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

அண்ணனைக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று தெரிந்ததும் காவேரி நேரே காவல் நிலையத்துக்குப் போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று பேருந்திலேயே மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். வாசல் பெஞ்சில் மாதையனை உட்கார வைத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எழுந்துவந்தார், காவலர் தடுக்கவில்லை.

“எதுக்கு வந்த?”

“நான் உள்ள போயி சொல்லிர்றேண்ணா.”

“என்னத்தச் சொல்லப்போற. நான் எல்லாம் எழுதிக் கொடுத்துட்டேன். காயி எறக்க உள்ள போனப்ப கதவு தொறந்து கெடந்துச்சு, எடுத்துக்கிட்டு வந்துட்டேன்னு.” அவர் குரல் சந்தையில் விலை முடித்த மாதிரி சாதாரணமாக இருந்தது. “கோதைக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு கெடக்குது. நீ உள்ள போயிட்டா அந்தப் புள்ள யாரு வீட்டுல போயி நிக்கும்? எங்களுக்கா புள்ள குட்டி. போ.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“போன்னு சொல்றேன்ல,” என்றார் மாதையன்.

காவேரி போனாள். அந்தப் படிகளில் இறங்கியது கால்தானே ஒழிய தான் இல்லை என்று அவளால் ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. நன்றாக யோசித்து, கோதையின் முகத்தை நினைத்து, தெரிந்தேதான் இறங்கினாள்.

ஆவணியில் தோட்டங்களைக் கொளுத்த உத்தரவு வந்தது. வண்டு முட்டை வைக்க ஓர் இலைகூட இருக்கக் கூடாது என்று பதினொரு ஊரின் மல்பெரியையும் வேரோடு பிடுங்கி எரித்தார்கள். பச்சை மரம் சீக்கிரம் எரியவில்லை. நாலு நாள் புகைந்தது. கம்பெனிக் கூடத்துக்குள் காற்றை வடிகட்டும் இயந்திரம் இருந்ததால் வாசனை வரவில்லை. சாப்பாட்டு வேளையில் வெளியே வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேற்கே பார்த்தார்கள். சிலருக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

அப்படி ஒரு நாளில்தான் சுகிர்தா அவளை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“உங்க அண்ணன் தாயறைப் பக்கமே வந்ததில்ல,” என்றார். “அந்தக் கதவு முறைக்கு வர்ற உங்க கைரேகைக்கு மட்டுந்தான் திறக்கும். இது எனக்குத் தெரியும்னு உனக்கும் தெரியும்.”

காவேரி தலையாட்டினாள்.

“நான் எங்கயும் சொல்லப்போறதில்ல. உன்மேல இரக்கப்பட்டு இல்ல. வெளியாள் திருடுனான்னு இருந்தா கம்பெனி பொழைச்சுக்கும். உள்ள இருக்கறவங்களே எடுத்தாங்கன்னா, ஏன் எடுத்தாங்க, உங்க வேலைக்காரங்களுக்கு ஆபத்து என்னன்னு சொல்லி வெச்சீங்களான்னு கேப்பாங்க.”

“நீங்க சொல்லலியே மேடம்.”

சுகிர்தா மேசையைப் பார்த்தார்.

“மொத வருசமே பாத்துட்டோம் காவேரி. சோதனைக்காக ஒரு கூண்டுல பெருக விட்டோம். மாவுப்பூச்சி தீந்ததும் உள்ள இருந்த தேனீப் பெட்டிக்குள்ள முட்டை வெச்சுது. தேனீப் புழுவத் தின்ன ஆரம்பிச்சுது. கூண்டோட எரிச்சோம். அதுக்கப்புறந்தான் வெளிச்ச அறை வந்துச்சு. அந்த அறை யாவாரத்துக்காக வந்தது இல்ல. யாவாரத்துக்கு ஆனது பின்னாடி.”

“அன்னிக்கு நான் கேட்டப்ப யாரு வாங்குவான்னு சொன்னீங்க.”

“ஆமா. தேனீ விஷயம் வெளிய தெரிஞ்சா அனுமதி போயிரும். பேராசைன்னு சொன்னா யாரும் மறு கேள்வி கேக்க மாட்டாங்க. எல்லாரும் உடனே நம்புற காரணம் அது.” சற்று நிறுத்தி, “நீயும் நம்புன,” என்றார்.

காவேரிக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அந்த அம்மாள் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் அண்ணன் தோட்டத்தில் இருந்திருப்பார். தான் ஒரு பஞ்சைத் தொடாமல் இருந்திருந்தாலும் இருந்திருப்பார். இரண்டில் எதை முதலில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“இன்னொண்ணும் சொல்லணும்,” என்றார் சுகிர்தா. “எல்லா ஊர் மாதிரியும் பாத்தாச்சு. ஆரம்பம் ஒரே ஷெட்தான், உங்க அண்ணனோடது. ஆடி மொத வாரம். அங்க பொரிஞ்ச மொத கூட்டத்துக்கு இறக்கை வர பதினெட்டு நாள் ஆகும். அதுக்குள்ள ஒரு ஆள் கண்ணுல பட்டு, எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா, அந்த ஒரு ஷெட்டையும் ஒரு தோட்டத்தையும் எரிச்சு முடிச்சிருக்கலாம். மத்த பத்து ஊருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. ஆனா புழு செத்தா யாரும் நோய்னுதானே நெனைப்பாங்க. திருப்பிப் பாக்கத் தோணாது.”

மாதையனுக்கு நாலு வருடம் சிறை கிடைத்தது. கம்பெனி அந்த வண்டை வேட்டையாட ஒரு சின்னக் குளவியை உருவாக்கியது. இந்தத் தடவை அரசாங்கமே வாங்கிக்கொண்டதால் ஐந்து ஏக்கர் கணக்கு எதுவும் இல்லை. குளவிக்குச் சோறு காட்ட இன்னும் நாற்பது பெண்கள் தேவைப்பட்டார்கள். பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்களுக்கு முன்னுரிமை என்று அறிவிப்பு ஒட்டினார்கள். தை மாதம் பச்சையம்மாவும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வேலை பழக்கிக்கொடுக்கும் பொறுப்பைக் காவேரியிடம் ஒப்படைத்திருந்தார்கள். தேர்ந்த கை என்று மேற்பார்வையாளராக உயர்த்தியும் இருந்தார்கள்.

“அழுத்தாம பிடிங்க அண்ணி. நுனி பட்டாப் போதும்.”

“புழு வளத்த கைதானே. வந்துரும்,” என்றாள் பச்சையம்மா. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்தபடியே சொன்னாள்: “உங்க அண்ணனுக்குத் திருட்டுப் புத்தி எங்கிருந்துதான் வந்துச்சோ. பதினாறு வருசம் கூட வாழ்ந்திருக்கேன், அடுத்தவன் காட்டுல ஒரு கதிரு ஒடிச்சதில்ல. ஊருல யாரு மூஞ்சியிலயும் முழிக்க முடியல. கோவிந்தன் பொண்டாட்டி மண்ண வாரித் தூத்துறா.”

காவேரி அவள் கையைப் பிடித்து பிரஷ்ஷைச் சரியான கோணத்துக்குத் திருப்பிவைத்தாள்.

மாசியில்தான் அண்ணனைப் பார்க்க சேலம் ஜெயிலுக்குப் போனாள். அதற்கு முன் இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பியிருந்தாள். காலை பதினோரு மணி இருக்கும். நீளமான அறையில் இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவே ஒரு முழ இடைவெளி. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாதையன் இளைத்திருந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்ததால் காது பெரிதாகத் தெரிந்தது.

கோதையின் படிப்பை விசாரித்தார். மாட்டை என்ன செய்தார்கள் என்று கேட்டார். விற்றாயிற்று என்றாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டார்.

“அண்ணா,” என்றாள் காவேரி. “நான் செஞ்சதுக்கு நீ உள்ள கெடக்குற. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. கோதை படிப்பு எப்பிடியோ ஆவட்டும். நான் உண்மையச் சொல்லிர்றேன்.”

மாதையன் வலைக்கு இன்னும் நெருங்கி வந்தார். இரைச்சலுக்கு நடுவே அவர் குரலைத் தணித்துப் பேசியதால் அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“நீ செஞ்சதுக்கு இல்லம்மா. அத உன்கிட்ட சொல்லணும்னுதான் இத்தன நாளா எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன். ஆடி மொத வாரம் தட்டுல மூணு புழு செத்துக் கெடந்துச்சு. திருப்பிப் பாத்தேன். கறுப்பா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நம்ம வண்டுக் குட்டின்னு பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு.”

காவேரி வலையைப் பிடித்துக்கொண்டாள்.

“நசுக்கிப் போட்டுட்டேன். மறுநாளு பத்து இருந்துச்சு. அதயும் நசுக்குனேன். உங்க அண்ணிகிட்ட வெக்கை தாங்காம சாவுதுன்னு சொன்னேன். அதிகாரிகிட்டச் சொல்லலாம்னு ரெண்டு தடவ செருப்ப மாட்டுனேன். எங்கிருந்து வந்துச்சுன்னு மொத கேள்வி கேப்பான். உன் பேரு வந்துரும். இருவது நாளு வாயத் தொறக்கல. அந்த நாள்லதான் கோவிந்தன் வந்து, உன் இல நல்லாருக்குது மாமான்னு சொல்லி ரெண்டு கட்டு வெட்டிக்கிட்டுப் போனான். பாத்துக்கிட்டே நின்னேன். வேணாம்டான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. ஏன்னு கேப்பானே.” அவர் கண்ணைத் துடைக்கவில்லை. “அதனால இது என் கணக்கு. நீ எடுத்தது நல்லதுக்கு. நான் மூடி வெச்சேன் பாரு, அதுக்குத்தான் உள்ள இருக்கேன். நீ சோறு தின்னு.”

மணி அடித்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம் என்று அர்த்தம். பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி கைக்குழந்தையைத் தூக்கி வலைக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்,” என்றார் மாதையன். “நீ கம்பெனில இருக்கறவ, உனக்குத் தெரியும். அப்பவே, அந்த மூணு புழு செத்தன்னிக்கே, நான் போயிச் சொல்லியிருந்தா எதாச்சும் ஆயிருக்குமா? மத்த ஊரு தப்பிச்சிருக்குமா?”

எத்தனையோ மாதமாக அவர் அந்தக் கேள்வியோடு தனியாகப் படுத்து எழுந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஓர் ஊரும் போயிருக்காது. ஒரு தோட்டத்தோடு முடிந்திருக்கும். சுகிர்தா மேசையைப் பார்த்தபடி சொன்ன பதினெட்டு நாள் காவேரியின் நாக்கு நுனியில் இருந்தது.

“ஒண்ணும் ஆயிருக்காதுண்ணா,” என்றாள். “வண்டு அதுக்கு முன்னாலயே பறந்து போயிருக்குமாம். டாக்டரம்மாவே சொன்னாங்க. மொத நாளே சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.”

மாதையன் அவளையே பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. பிறகு அவர் தோள் மெல்ல இறங்கியது. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டமாதிரி இருந்தது.

“அப்பிடியா சொன்னாங்க,” என்றார். “நல்லதாப் போச்சு.” கொஞ்சம் தள்ளி நின்று, இயல்பான குரலில், “ஊர்ப்பக்கம் மழை பேஞ்சுதா?” என்று கேட்டார்.

“பேஞ்சுதுண்ணா.”

“நல்லாப் பேஞ்சுதா?”

“நல்லாத்தான் பேஞ்சுது.”

காவலர் அவர் தோளைத் தொட்டார். மாதையன் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, வந்ததைவிட வேகமாக நடந்து, கதவைத் தாண்டிப் போனார். காவேரி வலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அடுத்த மணிக்கு வந்தவர்கள் பின்னால் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர், “கொஞ்சம் நகருங்கம்மா, நாங்களும் பாக்கணுமில்ல,” என்று சொன்னபோதுதான் அவள் கையை எடுத்தாள்.